தொழில்முறை முகப்படம்: படம் எடுக்கும் நாளுக்கு முன் எவற்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

புதுக்கணக்கு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் பணியாற்றிய பிறகு, இரண்டு கூட்டாளிகளுடன் சேர்ந்து சொந்தமாக ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்கியிருக்கிறேன். எங்கள் இணையதளத்தை வடிவமைக்கும் அம்மையார் மூவரின் படங்களையும் கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. நான் அனுப்பிய பாஸ்போர்ட் அளவுப் படத்தை அவர் மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கூட்டாளி, குடும்ப விழாவில் எடுத்த படத்திலிருந்து தம் முகத்தை மட்டும் வெட்டி அனுப்பினார். அவர் தோளின்மீது வேறு யாருடைய கையோ இன்னமும் இருக்கிறது.

எனக்குத் தெரியவேண்டியவை இவை. கைப்பேசியில் ஜன்னலோரம் நின்று எடுத்துக்கொண்டால் போதுமா, அல்லது தொழில்முறைப் புகைப்படக் கலைஞரிடம்தான் போகவேண்டுமா? நான் எப்போதும் கண்ணாடி அணிபவன். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் விழுந்த படங்களே என்னிடம் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், நிலைக்கண்ணாடியில் பார்க்கும்போது ஓரளவு சகித்துக்கொள்ளக்கூடியதாகத் தோன்றும் என் முகம் படத்தில் வேறு யாரோ ஒருவருடையதைப் போல எனக்குத் தெரிகிறது. அப்படியிருக்க, நாற்பது படங்களை ஒருவர் என் முன் பரப்பினால், எதை வைத்து நான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது?

ஒளிநிழல் எழுதுகிறார்:

வணக்கம். அலுவலகங்களுக்குச் சென்று முகப்படம் எடுப்பதே என் தொழில் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விகளுக்கு முன்பாக நான் ஒன்றைக் கேட்கவேண்டும்: இந்தப் படங்கள் எங்கெல்லாம் இடம்பெறப் போகின்றன? என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் எந்தச் சட்டை என்பதை முடிவுசெய்துவிட்டு வருகிறார்கள்; படம் போய்ச் சேரும் இடங்களின் பட்டியலோடு வருபவர்கள் மிகச் சிலரே. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் படம் வட்டமாக வெட்டப்பட்டுச் சிறியதாகத் தெரியும்; அங்கே 400×400 பிக்சல் இருந்தால் போதும், ஆனால் தலைமுடியை ஒட்டி இறுக்கமாக எடுத்த படம் என்றால் அந்த வட்டம் உச்சந்தலையைக் கொண்டுபோய்விடும். இணையதளத்தின் முகப்பிலோ அகலமான படம் தேவைப்படும். எழுத்து வருவதற்கு ஒரு பக்கத்தில் வெற்றிடமும் வேண்டும். கருத்தரங்க மலரில் 10 செ.மீ. அகலத்தில் அச்சாக வேண்டுமென்றால், அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அச்சக வழக்கப்படி ஏறத்தாழ 1,200 பிக்சல் அகலம் தேவை. எனவே மார்புக்குக் கீழ்வரை, தலைக்கு மேலும் இரு பக்கங்களிலும் தாராளமாக இடம்விட்டு எடுக்கச் சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பொதுவாக 6000×4000 பிக்சல் இருக்கும். அதிலிருந்து மூன்று நான்கு வகையாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டி எறிந்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

இனிக் கைப்பேசி. கைப்பேசியின் கேமரா தரக்குறைவானது என்பதல்ல இங்கே பிரச்சினை. அதை நாம் எவ்வளவு அருகில் பிடிக்கிறோம் என்பதுதான். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. முகம் சட்டத்தை நிரப்பவேண்டுமென்றால் மிக அருகில் போகவேண்டியிருக்கிறது. அருகில் போனால் லென்ஸுக்கு நெருக்கமாக இருக்கும் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. 2018இல் முக அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கான இதழ் ஒன்றில் வெளியான கணித மாதிரியின்படி, 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில், 1.5 மீட்டரில் எடுத்ததைக் காட்டிலும் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. ‘படத்தில் நான் வேறு யாரோ’ என்ற உங்கள் மனக்குறையில் ஒரு பாதி இதனால் வந்ததாக இருக்கக்கூடும். ஆகவே கைப்பேசிதான் என்று முடிவானால், இன்னொருவரிடம் கொடுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, அதில் டெலி லென்ஸ் (தொலைவில் உள்ளதை அருகில் காட்டுவது) இருந்தால் அதைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வசதியைக் கவனத்தோடு பயன்படுத்துங்கள். முடியின் ஓரத்தையும் கண்ணாடிச் சட்டத்தின் நுனியையும் பின்னணி என்று எண்ணி அது அழித்துவிடுவதுண்டு.

நாங்கள் 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்தால்தான். அந்த லென்ஸ் நம்மை இயல்பாகவே பின்னால் தள்ளி நிறுத்துகிறது. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 5.6 அல்லது 8 அளவில் வைத்தால் (எண் சிறிதானால் துளை பெரிதாகும், தெளிவாக விழும் ஆழம் குறையும்), அருகிலுள்ள கண்ணும் தள்ளியுள்ள கண்ணும் ஒருசேரத் தெளிவாக விழும். பின்னணி முழுவதும் கரைந்துபோக வேண்டும் என்ற ஆசையில் எஃப் 1.4இல் எடுத்து, ஒரு கண் மட்டும் கூர்மையாக இருக்கும் படங்களை நிறையப் பார்க்கிறோம்; திருமண ஆல்பத்தில் அது அழகாக இருக்கலாம், தணிக்கையாளரின் படத்தில் அது பிழையாகவே தெரியும்.

ஒளியைப் பற்றி ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மென்மையாக இருக்கும். சூரியன் மிகப் பெரியது, ஆனாலும் நம் கண்ணுக்குச் சிறிய வட்டம். அதனால்தான் நண்பகல் வெயிலில் மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. நேர்வெயில் படாத பெரிய ஜன்னல், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி நீங்கள், முகத்தின் மறுபக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பித் தர ஒரு வெள்ளை அட்டை என்ற இந்த அமைப்பு விளக்கின் ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். அறையின் கூரை விளக்குகளை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். அவை கண்குழிகளில் நிழலைத் தள்ளும்; அவற்றின் நிறம் பகல்வெளிச்சத்தின் நிறத்தோடு ஒத்துப்போகாது என்பதால் முகத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் வந்துவிடும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, ஒளி பட்டுத் திரும்பும் கோணம்தான் எல்லாம். விளக்கு கேமராவுக்கு அருகில் இருந்தால் வெளிச்சம் நேராக லென்ஸுக்கே திரும்பிவரும். விளக்கை உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தினால், திரும்பும் வெளிச்சம் லென்ஸைத் தவிர்த்துக் கீழ்நோக்கிப் போய்விடும். அதுவும் போதவில்லையென்றால், கண்ணாடியின் கைகளைக் காதுக்குச் சற்று மேலே தூக்கி வைத்தால் வில்லைகள் லேசாகக் கீழ்நோக்கிச் சாயும். முன்னிருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லை என்றால் பழைய சாதாரணக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொள்வதை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நாளை உங்களைச் சந்திக்க வருபவர் கண்ணாடி அணிந்தவரைத்தானே பார்க்கப்போகிறார்?

கடைசியாக, முகவாய். கேமராவைக் கண்டதும் எல்லோரும் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். கழுத்தில் இல்லாத மடிப்பு தோன்றுகிறது. நெற்றியைக் கேமராவை நோக்கி ஓர் அங்குலம் முன்னே நீட்டி, முகவாயைச் சிறிதளவு தாழ்த்துங்கள். ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுவதுபோல இருக்கிறதே என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாக வந்திருக்கும்.

நடுநோக்கு எழுதுகிறார்:

மேலே உள்ளவர் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தேர்ந்தெடுப்பது பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முகங்களைக் குறித்த உளவியல் ஆய்வுகளைப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஆர்வம் உண்டு.

நிலைக்கண்ணாடியில் நீங்கள் நாள்தோறும் பார்ப்பது இடம்வலம் மாறிய முகம். உங்கள் வகிடு, ஒரு பக்கம் சற்று உயர்ந்த புருவம், சிரிக்கும்போது கோணும் உதடு ஆகிய யாவும் படத்தில் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கின்றன. 1977இல் மிட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் செய்த சோதனையில், ஒரே படத்தை நேராகவும் இடம்வலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பத்தை விரும்பினார்கள். அவர்களுடைய நெருங்கியவர்களோ நேர்ப்படத்தை விரும்பினார்கள். எது பழகிய முகமோ அதுவே நல்ல முகமாகத் தோன்றுகிறது என்பதுதான் விஷயம். உலகம் பழகியிருப்பது நீங்கள் விரும்பாத அந்த முகத்தோடுதான்.

உங்களுக்கு இன்னும் பயன்படக்கூடியது 2017இல் டேவிட் வைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு. தம்முடைய படங்களில் சிறந்ததைத் தாமே தேர்ந்தெடுத்தவர்களைவிட, அவர்களை அறியாத அந்நியர்கள் தேர்ந்தெடுத்த படங்களே பார்ப்பவரிடம் நல்ல எண்ணத்தை ஏற்படுத்தின. நம் முகத்தை நம்மால் அந்நியராக நின்று பார்க்க முடிவதில்லை. ஆகவே நாற்பது படங்களையும் நீங்கள் பார்க்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். புகைப்படக் கலைஞர் ஐந்தாகச் சுருக்கட்டும். அந்த ஐந்தை உங்களை அவ்வளவாக அறியாத மூன்று நான்கு பேரிடம் காட்டி, ‘இவரிடம் உங்கள் கணக்கை ஒப்படைப்பீர்களா?’ என்று கேளுங்கள். ‘எது அழகாக இருக்கிறது?’ என்று கேட்டால் வேறொரு படத்தைக் காட்டுவார்கள். கேள்வியைப் பொறுத்தே பதில் அமையும்.

இதற்கெல்லாம் இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். வில்லிஸ், டொடோரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தவர்களின் மதிப்பீடும், வேண்டிய மட்டும் பார்த்தவர்களின் மதிப்பீடும் பெரிதும் ஒத்துப்போயின. அந்த மதிப்பீடு சரியானதாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது நியாயமற்றது. ஆனால் உங்கள் பட்டங்களைப் படிப்பதற்கு முன்பே அது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

மனிதவளமேசை எழுதுகிறார்:

மூவர் என்கிறீர்கள், இரண்டு ஆண்டுகளில் ஏழு பேர் ஆவீர்கள். அதை இப்போதே எண்ணிப்பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நான் முன்பு பணியாற்றிய இடத்தில், தொடக்கத்தில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் அருமையான படங்கள் எடுத்தோம். அடுத்த ஆண்டு சேர்ந்த நால்வருக்கு வேறொருவர் வந்து எடுத்தார். பின்னணி இரண்டுமே சாம்பல் நிறம்தான் என்று நாங்கள் திருப்தியோடு இருந்தோம். பக்கத்தில் வரிசையாக வைத்தபோது முதல் பன்னிரண்டு பேர் ஒரு நிறுவனத்திலும் அடுத்த நால்வர் இன்னொரு நிறுவனத்திலும் வேலை செய்வதுபோல இருந்தது. தலையின் அளவு வேறு, விளக்கு வந்த பக்கம் வேறு, புதியவர்கள் அனைவரும் கேமராவைச் சற்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுதியில் பதினாறு பேருக்கும் மீண்டும் எடுக்கவேண்டியதாயிற்று.

எனவே முதல் நாளிலேயே எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: லென்ஸின் அளவு, கேமராவின் உயரம், நிற்பவருக்கும் கேமராவுக்கும் பின்திரைக்கும் இடையிலான தூரங்கள், விளக்கு இருந்த பக்கமும் உயரமும், பின்னணியின் நிறம். பின்திரைக்கும் நிற்பவருக்கும் உள்ள தூரத்தை அற்பமாக எண்ணவேண்டாம். அதே சாம்பல் தாள், விளக்கிலிருந்து விலக விலக ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்று பள்ளியில் படித்தது இங்கேதான் பயன்படுகிறது. அமைப்பை மாற்றாமல் அந்த இடத்தையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் இன்னும் குறிப்பிடாத ஒன்று பதிப்புரிமை. நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதாலேயே படம் உங்களுடையதாகிவிடாது. சில நாடுகளின் சட்டத்தில் எடுத்தவரே உரிமையாளர். வேறு சிலவற்றில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் எழுதியபடி. இணையதளம், அச்சு, விளம்பரம், ஊடகங்களுக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டுகள் அனுமதி, கூட்டாளி ஒருவர் விலகிச் சென்றால் தம் படத்தை அவர் எடுத்துச் செல்லலாமா, புகைப்படக் கலைஞர் தம் விளம்பரத்தில் உங்கள் முகத்தைக் காட்டலாமா என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள். தணிக்கையாளருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

புதுக்கணக்கு எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் ஆழமான பதில்கள். நன்றி சொல்லிவிட்டு மேலும் இரண்டைக் கேட்பதற்கு மன்னிக்கவும். உடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேலும், எங்களில் இளையவரான கூட்டாளி, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் பத்துப் பதினைந்து கைப்பேசிப் படங்களை ஏற்றினால் கோட்டு அணிந்த படங்களை அதுவே உருவாக்கித் தருகிறது, புகைப்படக் கலைஞரே தேவையில்லை என்கிறார். அவர் காட்டிய மாதிரியில் எனக்குக் கன்னத்து அம்மைத்தழும்பு இல்லை. பத்து வயது குறைந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஒளிநிழல் எழுதுகிறார்:

உடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகும்போது எதை அணிவீர்களோ அதையே அணியுங்கள். நெருக்கமான மெல்லிய கோடுகளும் நுண்ணிய கட்டங்களும் வேண்டாம். கேமராவின் சென்சாரில் அவை நீரலை போன்ற நெளிவுகளாக மாறிவிடும். கண்ணைப் பறிக்கும் நிறங்கள் முகவாயின் அடியில் தம் சாயலைப் பூசும். கழுத்துப்பட்டை சரியாகப் பொருந்துகிறதா என்று முந்தைய நாளே அணிந்து பாருங்கள். முடியைத் திருத்துவதாக இருந்தால் நான்கைந்து நாட்களுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

மென்பொருளைப் பற்றி எழுதினால், தொழில் போய்விடும் என்ற அச்சத்தில் பேசுகிறேன் என்று தோன்றலாம். அந்தத் தள்ளுபடியோடே படியுங்கள். அது உங்களைப் படம் எடுப்பதில்லை. உங்களைப் போன்ற ஒருவரை வரைகிறது. சில வேளை மிக நன்றாக வரைகிறது. ஆனால் உங்கள் தழும்பு எங்கே இருக்கிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. கணக்கு உள்ளது உள்ளபடி இருக்கிறது என்று சான்றளிப்பவரின் படம் உள்ளது உள்ளபடி இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, மூவரின் முகத்தரவுகளையும் ஏற்றுவதற்கு முன், அவற்றை அந்த நிறுவனம் எவ்வளவு காலம் வைத்திருக்கும், வேறு எதற்குப் பயன்படுத்தும் என்ற நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

எடுத்த படத்தைக் கணினியில் திருத்தும் ரீடச் வேலையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை நீக்குவேன்: முகப்பரு, சவரக் காயம், தூக்கமில்லாத இரவின் கருவளையத்தில் பாதி, பறந்து நிற்கும் முடி. போகாததைத் தொடமாட்டேன்: மச்சம், தழும்பு, சுருக்கம். தோலின் நிறத்தை வெளுப்பாக்கச் சொல்பவர்களும் உண்டு; எடுக்கும்போதே வொயிட் பேலன்ஸை, அதாவது நிறங்கள் உள்ளபடி வருவதற்கான கேமரா அமைப்பை, சாம்பல் அட்டை வைத்துச் சரியாக அமைத்து, ஒளியைச் சரியான அளவில் கொடுத்தால், கறுத்த தோலில் ஒளி படியும் அழகே தனி என்பதை அவர்களே பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள். எல்லோரும் அல்ல, சிலர்.

பட்டறைக்காரர் எழுதுகிறார்:

எல்லோரும் சாம்பல் திரைக்கு முன்னால்தான் நிற்கவேண்டும் என்பதில்லை என்பதையும் யாராவது சொல்லவேண்டும். நான் மரவேலை செய்பவன். கோட்டு அணிந்து எடுத்த படத்தை என் மனைவியே அடையாளம் காணச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு பட்டறையில், இழைப்புளியைப் பிடித்தபடி, கதவருகே வந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போட்டேன். விசாரிக்க வருபவர்கள் அந்தப் படத்தில் தெரியும் மேசையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். தணிக்கையாளருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தெரியாது. பேரேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லமாட்டேன்.

புதுக்கணக்கு எழுதுகிறார்:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்திற்கே ஒரு புகைப்படக் கலைஞர் வந்து, வடக்குப் பக்க ஜன்னலோடு ஒரு விளக்கையும் சேர்த்து மூவரையும் எடுத்தார். அளவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். தரையில் அவர் ஒட்டிய நாடாவை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். முதல் கால்மணி நேரம் எடுத்த எதுவும் தேறவில்லை. பிறகு அவர், நான் கண்டுபிடித்த மிகப் பெரிய கணக்குப் பிழை எது என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன்.

ஐந்து படங்களை இதே கட்டடத்தில் உள்ள மருந்துக்கடைக்காரர் உட்பட நால்வரிடம் காட்டினேன். மூவர் ஒரே படத்தைச் சுட்டினார்கள். நான் முதலில் ஒதுக்கிவைத்த படம் அது. இடது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு வெளிச்சக்கீற்று இருக்கிறது, அதை நீக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தழும்பும் இருக்கிறது. இளைய கூட்டாளி மட்டும் இன்னும் எந்தப் படத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய இடத்தில் இப்போதைக்குச் சாம்பல் வட்டம் ஒன்று நிற்கிறது.